ஓடி வந்தவனா, கிளம்பி வந்தவனா?

(தொழிற்பயிற்சி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பயிற்சி நிலைய ஆசிரியர்களே, பிட்டர், வெல்டர், கார்பென்டர் பிரிவுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இராத்திரி எட்டு மணி, வெளியே மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கதவை ஒருவன் தட்டுகிறான். வயது 22 இருக்கும். அகன்ற விளிம்புள்ள கறுப்புத் தொப்பி, கையில் முறுக்கிய தடி, தோளில் துணி மூட்டை, காதில் வளையம். “நான் தச்சன், ஊருக்குப் புதுசு, இன்று இரவு படுக்க இடம் கிடைக்குமா?” என்று கேட்கிறான். உள்ளே விடுவீர்களா?

பதிலே வரவில்லை. நானும் விடமாட்டேன். ஆனால் ஜெர்மனியில் இப்படி வருகிறவனை இன்றைக்கும் உள்ளே விடுகிறார்கள். எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் மூன்று வருடம் அவன் சமாளிக்கும் அளவுக்கு விடுகிறார்கள். முன்பின் தெரியாதவனை எதை நம்பி விடுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு வால்ட்ஸ் என்று பெயர். தொழில் கற்று, தேர்வில் தேறி, சான்றிதழ் வாங்கிய இளைஞன் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் மூன்று வருடமும் ஒரு நாளும். ‘கில்டு’ எனப்படும் கைவினைஞர் குழுமங்கள் கோலோச்சிய பழைய காலத்தில் இப்படி ஊர் சுற்றி வராமல் பல தொழில்களில் ‘மாஸ்டர்’ ஆகவே முடியாது. இன்று கட்டாயம் இல்லை. ஆனாலும் சில நூறு பேர் எப்போதும் சாலையில் இருக்கிறார்கள். தச்சர், கொத்தனார், கூரை வேய்பவர், கொல்லர் என்று பல தொழில்காரர்கள்.

கிளம்ப நிபந்தனைகள் உண்டு. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, குழந்தை இருக்கக் கூடாது, கடன் இருக்கக் கூடாது, வயது பொதுவாக 30-க்குள். இதெல்லாம் எதற்கு என்று யோசித்தால் ஒன்று புரியும். வாசலில் நிற்பவனைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு வரும் முதல் சந்தேகம், இவன் ஊரைவிட்டு ஓடி வந்தவனா, கிளம்பி வந்தவனா என்பதுதான். கடன்காரனுக்குப் பயந்தோ, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டோ வந்தவன் இல்லை என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்த விதிகள் சொல்லிவிடுகின்றன.

கிளம்பும் நாளில் ஊர்ப் பெயர்ப் பலகையின் அடியில் ஒரு பாட்டிலைப் புதைப்பார்கள். பையன் பலகை மேல் ஏறி அந்தப் பக்கம் குதிப்பான். அங்கே நிற்கும் சக பயணிகள் தாங்கிப் பிடிப்பார்கள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். சொந்த ஊரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் பயணம் முடியும்வரை கால் வைக்கக் கூடாது. வீட்டில் சாவு என்றாலோ, யாராவது உயிருக்குப் போராடுகிறார்கள் என்றாலோ வரலாம். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. பையில் ஐந்து யூரோ இருக்கும், திரும்பி வரும்போதும் அதே ஐந்து யூரோ இருக்க வேண்டும் என்பது வழக்கம். சம்பாதித்துக் குவிக்கவும் போகவில்லை, ஓசியில் தின்று தீர்க்கவும் போகவில்லை என்று அதற்கு அர்த்தம்.

மொபைல் கிடையாது. ஆமாம், மூன்று வருடமும் கிடையாது! அதற்குள் பின்வரிசையில் முகம் வாடுகிறது பாருங்கள். பயணத்துக்கும் தங்குவதற்கும் காசு கொடுப்பதில்லை. நடப்பார்கள், இல்லையென்றால் சாலையோரம் நின்று லிப்ட் கேட்பார்கள். லாரிக்காரர் நிறுத்துவதும் அந்த உடையைப் பார்த்துத்தான்.

உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மர வேலைக்காரர்களுக்குக் கறுப்பு, உலோக வேலைக்காரர்களுக்கு நீலம். உள்சட்டைக்கு எட்டுப் பொத்தான், ஒரு நாளின் எட்டு மணி நேர வேலைக்கு. மேல்சட்டைக்கு ஆறு, வாரத்தின் ஆறு நாள் வேலைக்கு. இந்தக் கணக்கெல்லாம் பிறகு கற்பித்துச் சொன்னதாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது பேன்ட்தான். கீழே அகலமாக விரிந்திருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அறுக்கும்போது பறக்கும் மரத்தூளும் சீவலும் ஷூவுக்குள் விழாது. பட்டறையில் நின்றவன் கண்டுபிடித்த தையல் அது. கனத்த கார்டுராய் துணி, வருடம் பூராவும் அதே. வெளியில் இந்த உடை இல்லாமல் நடமாடக் கூடாது. மழையில் நனைந்த கார்டுராய் காய எவ்வளவு நேரமாகும் என்று வீட்டில் துணி துவைக்கிறவர்களைக் கேளுங்கள். துவைக்கிற நாளில் ஆள் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

மூட்டை என்பது 80 சென்டிமீட்டர் சதுரத் துணி. சொந்தக் கருவிகள் சில, மாற்று உள்ளாடை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அதற்குள் சுருட்டிக் கட்டியாக வேண்டும். கட்டத் தெரியாவிட்டால் பாதி வழியில் உளி முதுகில் குத்தும். அதனால்தான் புதியவனைத் தனியாக விடுவதில்லை. ஏற்கெனவே சாலையில் இருக்கும் மூத்தவன் ஒருவன் ஆரம்ப காலத்தில் கூடவே நடந்து எல்லாம் சொல்லிக் கொடுப்பான்.

அடுத்து வேலை. புது ஊருக்குப் போனால் பட்டறைகளில் கேட்பான். ஒரே இடத்தில் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. கூலி அந்த ஊர்க் கூலி, அதற்குக் குறைத்து வாங்கக் கூடாது. இந்த விதியை நீங்கள் மறக்கவே கூடாது. வெளியூர்க்காரன் பாதிக் கூலிக்கு வேலை செய்தால் உள்ளூர்க்காரன் வயிற்றில் அடிப்பது அல்லவா? பிறகு எந்த ஊரில் அவனைச் சேர்ப்பார்கள்? அவனுக்குப் பின்னால் வருகிறவனையும் விரட்டுவார்கள். தன் நடத்தையால் அடுத்தவனின் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதுதான் எல்லா விதிகளுக்கும் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தாலும், பாக்கி வைத்துவிட்டு நழுவினாலும், அதே தொப்பியோடு வரும் இன்னொருத்தன்தான் அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். வேலை கொடுத்தவர் அதில் எழுதிக் கொடுப்பார். நகராட்சிக்குப் போய் மேயர் அலுவலகத்தில் மரபான வாசகம் ஒன்றை மனப்பாடமாகச் சொன்னால் ஊர் முத்திரை குத்துவார்கள், வழிச்செலவுக்குக் கொஞ்சம் காசும் கிடைக்கலாம். அந்த வாசகம் வாய்மொழியாக மட்டுமே கற்றுத் தரப்படுவது. போலி ஆசாமி தொப்பி வாங்கி மாட்டிக்கொள்ளலாம், வாசகத்துக்கு எங்கே போவான்?

இதை ரொம்ப அழகாக்கிவிட வேண்டாம். அன்றைய ஜெர்மன் பகுதிகளை ஆண்ட புனித ரோமானியப் பேரரசில் 1731-இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட நற்சான்றுப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அது தொழிலாளியை அடக்கி வைக்கும் கயிறு. முதலாளியை எதிர்த்தவனுக்குப் பத்திரம் கிடைக்காது, பத்திரம் இல்லாதவனுக்கு அடுத்த ஊரில் வேலை கிடைக்காது. காது வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. சாலையில் செத்தால் அடக்கச் செலவுக்கு ஆகும் என்பார்கள். மானம் கெட்ட காரியம் செய்தவனுக்கு அதைப் பிய்த்து எடுப்பார்கள் என்றும் சொல்வார்கள். பிரான்சிலும் இதேபோன்ற மரபு இருக்கிறது, 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஊருக்கு ஊர் தொழிலாளர் விடுதி, அதை நடத்தும் பெண்மணியை ‘அம்மா’ என்றே கூப்பிடுவார்கள். ஆனால் அங்கேயே ஒரு காலத்தில் எதிரெதிர்க் குழுக்கள் நடுச்சாலையில் சந்தித்தால் மண்டை உடையும்.

படுக்க இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர் அடோல்ப் கோல்பிங். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து பாதிரியார் ஆனவர். 1849-இல் கொலோன் நகரில் இளம் தொழிலாளர்களுக்குச் சங்கம் தொடங்கினார், பிறகு அது அவர்கள் தங்க விடுதிகளும் நடத்தியது. கடைசல் தொழிலாளி ஆகஸ்ட் பேபல் 1858-இல் கிளம்பித் தென் ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லாம் சுற்றினார். புராட்டஸ்டன்ட்டாக இருந்தும் போன ஊரில் கோல்பிங்கின் கத்தோலிக்கத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். 1860-இல் லைப்சிக் வந்தவர் பின்னாளில் ஜெர்மன் தொழிலாளர்களின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைவர் ஆனார்.

தொழிலுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வடக்குக் கடலோரத்தில் நாணல் கூரை, ரைன் பக்கம் கற்பலகைக் கூரை, ஆல்ப்ஸ் மலையில் மரச் சில்லுக் கூரை. தன் ஊரிலேயே இருந்தவன் ஒன்றைத்தான் செய்வான். சுற்றி வந்தவன் மூன்றிலும் கை வைத்திருப்பான். தன் வாத்தியார் சொன்னது ஒரு வழிதான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். (உங்கள் ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

பெண் பிள்ளைகள் போகலாமா என்று முன்வரிசையில் ஒரு சீட்டு வந்திருக்கிறது. போகலாம், போகிறார்கள். இந்தப் பயணிகள் சேரும் பழைய சகோதரச் சங்கங்கள் சில இன்னும் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வந்த புதிய சங்கங்கள் பெண்களையும் சேர்க்கின்றன. எந்தச் சங்கத்திலும் சேராமல் தனியாகப் போகும் பெண் தச்சர்களும் இருக்கிறார்கள். அதே தொப்பி, அதே பேன்ட், அதே 50 கிலோமீட்டர்.

மற்ற கேள்விகளை இப்போது கேட்கலாம். அந்தத் தூண் பக்கம் கை தூக்கிய தம்பி, நீ முதலில் கேள்.