‘நான் தூங்கவே இல்லையே!’

அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு நீங்கள் தூங்கிப்போன கணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? படுத்தது நினைவிருக்கும். விளக்கை அணைத்தது நினைவிருக்கும். நாளைக்குச் செய்யவேண்டிய ஏதோ ஒரு வேலையை மனதில் ஓட்டிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கலாம். அப்புறம்? அப்புறம் விடிந்துவிட்டது. நாற்பது வயதான ஒருவர் தன் வாழ்நாளில் 14,000 தடவைக்கு மேல் தூங்கியிருப்பார். அத்தனை தடவையில் ஒன்றிலாவது, ‘இதோ, இந்த நொடியில் விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் போனேன்’ என்று அவரால் சுட்டிக்காட்ட முடியாது. விழித்தபிறகுதான், ‘தூங்கியிருக்கிறோம்’ என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

எல்லா வீட்டிலும் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. டிவி ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியில் இருப்பவருக்குத் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கும். யாராவது டிவியை அணைத்தால் உடனே கண்ணைத் திறந்து, “ஏன் அணைச்சே? பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!” என்பார். வீட்டார் சிரிப்பார்கள். அவர் சமாளிக்கிறார் என்று நினைப்பார்கள். நான் இன்று அவருக்காகப் பேச வந்திருக்கிறேன். அவர் சமாளிக்கவில்லை, தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறார். அவர் தூங்கியதும் உண்மை, அது அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கமுடிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், நம்முடைய அன்றாடப் பழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ளத் தோன்றும் என்று நம்புகிறேன்.

தூக்க ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் டிமென்ட். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர். அவர் செய்துகாட்டிய ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒருவரைப் படுக்கவைத்து, இமைகள் மூடாதபடி பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். முகத்துக்கு நேரே கண்ணைப் பறிக்கும் விளக்கு ஒன்று அவ்வப்போது பளிச்சென்று மின்னும். ஒவ்வொரு தடவை மின்னும்போதும் அவர் பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. தலையில் மூளை அலைகளைப் பதிவுசெய்யும் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு ஒரு தடவை விளக்கு மின்னியது, அவர் அழுத்தவில்லை. உடனே கேட்டார்கள், “ஏன் அழுத்தவில்லை?” அவர் சொன்ன பதில்: “விளக்கே மின்னவில்லையே.”

கண் திறந்திருக்கிறது. முகத்துக்கு நேரே வெளிச்சம். ஆனால் மூளை அலைப் பதிவைப் பார்த்தால், விளக்கு மின்னிய அந்த நேரத்தில் ஓரிரு நொடி அவர் தூங்கியிருக்கிறார். ‘கவனிக்கத் தவறிவிட்டேன்’ என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. தவறிவிட்டது என்று தோன்றவேண்டுமானால் நடுவில் ஓர் இடைவெளி தெரியவேண்டும். அவருக்கு இடைவெளியே தெரியவில்லை. தூங்குவதற்கு முந்தைய நொடியும் விழித்த பிறகு வந்த நொடியும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன.

காவல்காரனே முதலில் தூங்கிவிட்டால், திருடன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான் என்று யாரைக் கேட்பது? தூக்கத்தின் நுழைவில் நடப்பது இதுதான். ‘எனக்குத் தூக்கம் வந்துவிட்டது’ என்று குறித்துக்கொள்ள வேண்டிய பகுதியே முதலில் வேலையை நிறுத்திவிடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவுசெய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்கு 8 முதல் 13 தடவை ஏறி இறங்கும் ஆல்பா அலைகள் வருகின்றன. தூக்கம் நெருங்கும்போது இவை துண்டுதுண்டாக உடைந்து, நொடிக்கு 4 முதல் 7 என்ற வேகத்தில் தீட்டா அலைகள் தலைகாட்டுகின்றன. மூடிய இமைக்குள் கண்விழிகள் மெதுவாக இடமும் வலமும் உருள ஆரம்பிக்கின்றன. பிறகு ஆல்பா கொஞ்சம் திரும்பி வரும், மறுபடி போகும். ஒரே கோடாக இறங்கிப் போவதில்லை. சில நிமிடங்களுக்குள் பல தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறோம்.

அதனால்தான் தூக்க ஆய்வுக்கூடங்களில் பதிவை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பெரும்பகுதி எதுவோ அதை வைத்து ‘விழிப்பு’, ‘தூக்கம்’ என்று எழுதுகிறார்கள். இது மனிதர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட விதி. இயற்கையில் அப்படி ஒரு கோடு கிழித்திருக்கவில்லை. தூக்கத்தின் முதல் நிலையில், அதாவது மிக லேசான தூக்கத்தில் இருப்பவரை எழுப்பிக் கேட்டால், ‘விழித்துத்தான் இருந்தேன்’ என்று சொல்வது மிகச் சாதாரணம். அதற்கடுத்த நிலைக்குப் போய், தூக்கத்தின் தெளிவான அடையாளமான அலைக்கதிர்கள் என்னும் வேகமான சிறு அலைக்கொத்துகள் பதிவில் தெரிந்த பிறகு எழுப்பினாலும் அதையே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. மூளை முழுவதும் ஒரே சமயத்தில் தூங்குவதில்லை. வலிப்பு நோய்க்கான சிகிச்சையின் பகுதியாக மூளைக்குள் மின்முனைகள் வைத்திருந்த நோயாளிகளிடம், பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் காட்டினார்கள். புலன்கள் கொண்டுவரும் செய்தியை வாங்கி மேலே அனுப்பும் தலாமஸ் முதலில் அடங்குகிறது. சிந்தனையும் நினைவும் நடக்கும் மூளைப் புறணி அதற்குப் பிறகு பல நிமிடங்கள்கூட இயங்கிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து செய்தி குறைந்துவிட்டது, உள்ளே ஓட்டம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் புறணி தன்னிடம் இருக்கும் சரக்கை வைத்துத் தானே படம் ஓட்டுகிறது.

1909-ல் ஹெர்பர்ட் சில்பெரர் என்ற வியன்னா ஆய்வாளர் இதைத் தன்னிடமே கவனித்து எழுதினார். அவர் அரைத்தூக்கத்தில், தன் கட்டுரையில் கரடுமுரடாக இருந்த ஒரு பகுதியைச் சரிசெய்வது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பார்த்தால், ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டிருந்தார். எண்ணம் காட்சியாக மாறிவிட்டது. அந்த மாற்றம் நடந்தபோது மணி எதுவும் அடிக்கவில்லை. அலுவலகக் கணக்கை யோசித்துக்கொண்டே படுக்கிறோம், சற்று நேரத்தில் அந்தக் கணக்கில் பழைய பள்ளி நண்பன் வந்து உட்கார்ந்திருப்பான், அது நமக்கு இயல்பாகவே படும். வியப்படையும் ஆற்றலும் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த இடைநிலை ஒரு செல்வம் என்றும் சொல்லவேண்டும். தாமஸ் எடிசன் கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்தபடி சாய்ந்து, அவை விழும் சத்தத்தில் விழித்து, வந்த யோசனைகளைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பாரிஸ் ஆய்வாளர்கள் 2021-ல் 103 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். மறைந்த குறுக்குவழி ஒன்று இருக்கும் கணக்குகளைக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஓய்வில் முதல் நிலைத் தூக்கத்தில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் பிறகு அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அடுத்த நிலைக்கு ஆழ்ந்துபோனவர்களில் 14 சதவீதம்தான். அழகான ஆய்வு. ஆனால் இன்று நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறு இரண்டு விஷயங்களுக்கு.

ஒன்று, தூக்கமே வரவில்லை என்று தவிப்பவர்கள். ‘ராத்திரி முழுக்க ஒரு பொட்டுக்கூட தூங்கவில்லை’ என்று சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்து பார்த்தால் சிலருக்குப் பல மணி நேரத் தூக்கம் பதிவாகியிருக்கும். உடனே வீட்டில் உள்ளவர்கள், ‘நீ குறட்டை விட்டாயே, சும்மா சொல்கிறாய்’ என்று தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தூங்கியது தனக்குத் தெரியாது என்பது டிவி முன்னால் இருப்பவருக்குப் பொருந்தும் என்றால் இவர்களுக்கும் பொருந்தும். அவர்கள் படும் வேதனை நிஜம். தூங்கிய நேரம் நினைவில் பதிவதில்லை, விழித்துக் கிடந்த நேரம் பதிகிறது. விழித்த துண்டுகளை மட்டும் கோர்த்துப் பார்த்தால், இரவு முழுவதும் விழித்திருந்ததாகத்தான் தோன்றும். ‘உங்கள் உடம்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தூங்குகிறது’ என்று மருத்துவர் பதிவைக் காட்டிப் பொறுமையாக விளக்கும்போது சிலருக்குப் பயம் குறைகிறது. பயம் குறைந்தால் தூக்கமும் கொஞ்சம் எளிதாக வருகிறது.

நினைவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். தூங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில் காதில் விழுந்த சொற்களைக்கூட, பத்து நிமிடம் தூங்கவிட்டு எழுப்பினால் பலரால் சொல்லமுடிவதில்லை. தூக்கம் தனக்கு முன்னால் இருந்த நிமிடங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. படுக்கையில் பேசிக்கொண்டிருந்தபோது ‘சரி சரி’ என்று தலையாட்டியவர் காலையில் ‘நீ சொல்லவே இல்லையே’ என்கிறாரா? சண்டை போடாதீர்கள்.

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் நான்கு நொடியில் 110 மீட்டருக்கு மேல் போய்விடும். விளக்குச் சோதனையில் பார்த்ததுபோல நமக்கே தெரியாமல் வந்துபோகும் ஒரு குறுந்தூக்கம் நான்கு நொடி நீடிப்பது சர்வசாதாரணம். பதினைந்து நொடிவரைகூட நீடிக்கலாம். கண் திறந்தே இருக்கலாம், கை ஸ்டீயரிங்கில் இருக்கலாம். 2011-ல் எலிகளிடம் செய்த ஆய்வு ஒன்றில், நெடுநேரம் விழித்திருக்கவைத்த எலிகள் சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் மூளைப் புறணியில் சில நரம்பணுக் கூட்டங்கள் மட்டும் தூக்கத்தில் போல அணைந்து எரிவதைக் கண்டார்கள். அப்படி அணைந்த நேரத்தில் சர்க்கரை உருண்டையை எட்டி எடுக்கும் வேலையில் அவை அதிகம் தவறின. வெளியிலிருந்து பார்த்தால் முழு விழிப்பு.

2013 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை காலை. நியூயார்க் நகரத்தில் ஸ்புய்டன் டைவில் என்ற இடத்துக்கு அருகே, மணிக்கு 48 கிலோமீட்டரில் திரும்பவேண்டிய வளைவில் ஒரு பயணிகள் ரயில் 132 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் போதையில் இல்லை. அவர் தன் நிலையை ஒருவிதக் கிறக்கம் என்றுதான் விவரித்தார். அவர் தூங்கிவிட்டார் என்று விசாரணை முடிவு சொன்னது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று திணறவைக்கும் நோய், அதுவரை கண்டுபிடிக்கப்படாமல், கடுமையாகவே அவருக்கு இருந்தது. ஒவ்வொரு இரவும் அவருடைய தூக்கத்தை அது குலைத்துக்கொண்டிருந்தது. வேலை நேரமும் சமீபத்தில்தான் அதிகாலைக்கு மாறியிருந்தது. சத்தமாகக் குறட்டைவிட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அவராக இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

‘எனக்குப் பழகிவிட்டது, ஐந்து ஆறு மணி நேரம் போதும்’ என்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2003-ல் வெளிவந்தது. ஆட்களை 14 நாள் தொடர்ந்து, இரவுக்கு நான்கு மணி, ஆறு மணி என்று குறைத்துத் தூங்கவைத்தார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. கடைசியில் ஓரிரண்டு இரவு முழுக்கக் கண்விழித்தவர் அளவுக்கு மோசமானது. ஆனால் ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?’ என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலோ சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக மாறவில்லை. கவனம் விழுந்துகொண்டே போகிறது, உணர்வு மட்டும் ‘சமாளிக்கிறேன்’ என்கிறது.

அப்படியானால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? உள்ளே கேட்டுப் பயனில்லை, வெளியே பாருங்கள். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில் இல்லை. வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. ஒரே வரியை மூன்றாம் தடவை படிக்கிறோம். தலை ‘டக்’கென்று விழுந்து நிமிர்கிறது. தலை விழுவதை எச்சரிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது முடிந்துபோன சம்பவம், அதற்கு முன்பே தூங்கியாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், ‘கண்ணசந்துவிட்டாய், நிறுத்து’ என்று சொன்னால் வாதாடவேண்டாம். அந்த நேரத்தில் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதையும் பாட்டைச் சத்தமாக வைப்பதையும் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பலன் மிகக் கொஞ்சம், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். அதே இடத்தில் பலன் தந்த வழி வேறு. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, முதலில் காபி குடித்துவிட்டு, உடனே ஒரு கால்மணி நேரத்துக்குள் முடியும் குட்டித் தூக்கம். காபி வேலைசெய்ய எப்படியும் அரைமணி நேரம்வரை ஆகும், அதற்குள் தூங்கி எழுந்துவிடலாம். எழுந்தவுடன் கிளம்பாமல் சில நிமிடம் நடந்து, மந்தம் தெளிந்தபிறகு வண்டியை எடுக்கவேண்டும். ‘அந்த நேரத்தில் எனக்கெல்லாம் தூக்கம் வராதே’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தச் சோதனையில் சரியாகத் தூங்கமுடியாமல் வெறுமனே கண்ணயர்ந்து கிடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இதுவரை பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.