பேசாம கிடக்குதுன்னா பழகிடுச்சுன்னு அர்த்தமா?

நடுவர் அவர்களே, வணக்கம். "முதலை ஷோ வித்தையா, வதையா"ன்னு தலைப்பு, அதாவது மனுஷன் முதலையோட மல்லுக்கட்டி கூட்டத்துக்கு காட்டுற ஷோ, நான் வதைன்னு பேச வந்தவன். எதிரணி அண்ணன் இப்பதான் சொல்லிட்டு உட்கார்ந்தாரு, ஷோ முடியுறப்ப முதலை எப்படி சாதுவா பேசாம கிடக்குது பாத்தீங்களா, அது மனுஷனுக்கு பழகிடுச்சாம்.

அண்ணே, அது பழக்கம் இல்ல, களைப்பு. முதலையால ரொம்ப நேரம் மல்லுக்கட்ட முடியாது, கொஞ்ச நேரம் துள்ளும் உருளும், அதுக்குள்ள உடம்புல லாக்டிக் ஆசிட் (தசை மூச்சுமுட்ட உழைச்சா சேருற அமிலம்) ஏறிடும், அது இறங்க மணிக்கணக்கா ஆகும், பெரிய முதலைங்க பிடிபடுறப்ப ரொம்ப போராடி அதனாலயே செத்தும் போயிருக்கு. அப்படிப்பட்டத வால புடிச்சு தண்ணில இருந்து தரதரன்னு இழுத்து, முதுகுல ஏறி உட்கார்ந்துட்டு, "பாருங்க எவ்ளோ அமைதி"ன்னா என்னங்க நியாயம்?

அடுத்தது வாய். உப்புநீர் முதலையோட கடி 16,000 நியூட்டனுக்கும் (விசைய அளக்குற அலகு) மேலன்னு அளந்திருக்காங்க, ஆனா அதெல்லாம் மூடுற பலம், திறக்குற தசை சோப்ளாங்கி, ரெண்டு சுத்து டேப் போதும். அதனாலதான் அந்த மூக்க நம்ம தாவாக்கட்டையால அமுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு கைதட்டு வாங்க முடியுது. அமுக்குற அந்த தாடை பூரா சின்னச்சின்ன புள்ளி இருக்கும், நம்ம விரல் நுனிய விட அதிக உணர்ச்சின்னு 2012ல வந்த ஆய்வு சொல்லுது, இருட்டுல தண்ணில ஒரு சொட்டு விழுந்தாகூட கண்டுபிடிச்சிடும். சரியா அந்த இடத்துலதான் நம்ம ஆளு முழு பாரத்தையும் வைக்கிறாரு (அதுக்கு பேரு வீரமாம்).

இந்த ஷோ அமெரிக்காவுல ஃப்ளோரிடாவோட பழங்குடிகளான செமினோல் மக்களோட பாரம்பரியம்னு அண்ணன் சொன்னாரு. அவங்க முதலை பிடிச்சது கறிக்கும் தோலுக்கும், கூட்டம் சேர்த்து காசு வாங்குற ஷோ வந்தது 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல டூரிஸ்ட் வந்த பிறகு. சதுப்பு நிலத்த மத்தவங்க வடிய வச்சு அவங்க வேட்டைல மண்ணள்ளிப் போட்டாங்க, அதனால செமினோல் மக்கள் வயித்துப்பாட்டுக்கு ஷோல இறங்குனாங்க, அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வயித்துப்பாட்ட கலைன்னு சொல்லி எங்கிட்ட விக்காதீங்க.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடுறேன். அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, முதலைக்கு நல்லா ஓய்வு குடுத்து, கரைக்கு இழுக்காம அதோட ஆழத்தண்ணிலயே ஷோ வைப்போம், எத்தனை வித்தைக்காரங்க பேர் குடுப்பாங்க?