வாத்து எப்படி மகன் ஆனது

கணக்குப் பரீட்சையில் சிலர் விடையைச் சரியாக எழுதியிருப்பார்கள், வழிமுறை மட்டும் தலைகீழாக இருக்கும். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க முயன்ற அறிஞர்களின் கதை ஏறக்குறைய அதுதான்.

எகிப்தின் ஃபிலே தீவுக் கோயில் சுவரில் கி.பி. 394இல் ஒருவர் செதுக்கிய வரிதான் தேதியோடு கிடைத்திருக்கும் கடைசிச் சித்திர எழுத்து. அப்புறம் படிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். ஹோரபோல்லோ என்பவர் பெயரில் கிரேக்கத்தில் ஒரு நூல் இருக்கிறது, 1419இல் ஆண்ட்ரோஸ் தீவில் அதன் சுவடி கிடைத்து, ஃபிளாரன்ஸுக்குப் போய், படித்தவர்கள் எல்லாரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதில், வாத்துப் படம் போட்டால் 'மகன்' என்று பொருள் என்கிறார். ஏன்? வேடன் துரத்தினால் தாயும் தகப்பனும் தாங்களே போய் அவனிடம் மாட்டிக்கொண்டு குஞ்சுகளைக் காப்பாற்றுமாம், அவ்வளவு பிள்ளைப் பாசம். முயல் என்றால் 'திற', அது கண்ணை மூடுவதே இல்லையாம்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பொருளும் சரி! காரணம்தான் கப்சா. எகிப்திய மொழியில் அந்த வாத்தின் பெயரும் மகன் என்ற சொல்லும் ஒரே மெய்யொலிகள் கொண்டவை. நாம் மாடிப்படியின் படத்தை வரைந்து 'புத்தகத்தைப் படி' என்று எழுதினால் எப்படியோ, அப்படி. அதைப் பார்த்த ஒருவர், படிப்பு மனிதனை மேலே ஏற்றுகிறது, அதனால்தான் படிக்கட்டு என்று விளக்கம் சொன்னால் சபையில் கைதட்டல்கூடக் கிடைக்கும், இல்லையா?

கைதட்டலுக்குக் குறையே இல்லாதவர் ரோமில் இருந்த ஏசுசபைத் துறவி அத்தனாசியஸ் கிர்ச்சர். படம் என்றால் தத்துவம் என்று நம்பியவர். ஆப்ரியஸ் என்ற வெறும் அரசன் பெயரை எடுத்துக்கொண்டு, எகிப்தியக் கடவுள் ஒசிரிஸின் அருளைச் சடங்குகளாலும் தேவதைகளின் சங்கிலியாலும் பெற வேண்டும், அப்போதுதான் நைலின் நன்மைகள் கிட்டும் என்று 'மொழிபெயர்த்தார்'. சிரிக்கலாம், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழி பழைய எகிப்திய மொழியின் வாரிசு என்று அடித்துச் சொன்னவரும், 1643இல் அதன் இலக்கணத்தையும் அகராதியையும் அச்சில் கொண்டுவந்தவரும் இதே மனிதர்தான்.

அதன் பலன், கடைசியில் இந்த எழுத்தைப் படித்துக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோனுக்குக் கிடைத்தது. நடுவில் ஒரே செய்தியைச் சித்திர எழுத்திலும் கிரேக்கத்திலும் செதுக்கிய ரொசெட்டா கல் கிடைத்தது, ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் அதிலிருந்த தாலமி என்ற கிரேக்க வம்சத்து அரசனின் பெயரில் சில ஒலிகளைப் பிடித்தார், ஆனால் ஒலியெல்லாம் அந்நியப் பெயர்களுக்கு மட்டும்தான் என்று நின்றுவிட்டார். 1822 செப்டம்பரில் அபு சிம்பெல் கோயில் எழுத்தின் நகல் ஒன்று ஷாம்போலியோன் மேசைக்கு வந்தது. அரசர் பெயரைச் சுற்றிப் போடும் வளையத்துக்குள் ஒரு வட்டம், அவருக்குச் சூரியனாகத் தெரிந்தது, காப்டிக்கில் சூரியன் 'ரே'. கடைசியில் இரண்டு 'ஸ்', அது தாலமி பெயரிலேயே தெரிந்த எழுத்து. நடுவில் இருந்ததை 'மிசே', பிறப்பு என்ற காப்டிக் சொல்லோடு சேர்த்துப் பார்த்தார். ராம்சேஸ்! கிரேக்கனும் இல்லை, ரோமனும் இல்லை, அசல் எகிப்திய அரசன்.

அப்படிப்பட்ட பெயர் வளையங்களுக்கு முன்னால் அடிக்கடி ஒரு வாத்தும் சூரிய வட்டமும் சேர்ந்து இருக்கும், அடுத்த முறை அருங்காட்சியகத்தில் பாருங்கள். சூரியனின் மகன் என்று படிக்க வேண்டும்.