ஸுஜூதுல கால்விரல் தரையில இருக்கா? தொழுகையில கவனிக்காம விடுற இடங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே. தொழுகையைத் திருத்தணும்னா எல்லாரும் முதல்ல ஓதலைத்தான் பிடிப்போம். அது வேணும்தான். ஆனா இன்னைக்கு உடம்பை மட்டும் பாப்போம். நம்ம குமரி மாவட்டத்துல ஷாஃபி, ஹனஃபி ரெண்டு மத்ஹபும் (மார்க்கச் சட்டத்துல பின்பற்றுற வழிமுறை) உண்டு. நான் ஷாஃபி முறையில சொல்லுதேன், மாறுற இடத்துல ஹனஃபியையும் சொல்லிருதேன்.

முதல்ல ஒளு, அதாவது தொழுகைக்கு முன்னாடி முகம் கை கால் கழுவுறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவங்க விரலைப் பாத்தா, காஞ்ச பால் ஒட்டிப்பிடிச்சிருக்கும். அதுக்கு மேல எத்தனை தடவை தண்ணி ஊத்தினாலும் அடியில உள்ள தோல் நனையாது, ஒளு சேராது. உரிச்சி எடுத்துட்டு கழுவுங்க. கடற்கரையில மீன் செதிள், வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்ட், வீட்டுல நெயில் பாலிஷ், எல்லாத்துக்கும் இதே கதைதான். மருதாணிச் சிவப்பு வெறும் நிறம், அதுக்குப் பயப்பட வேண்டாம். குதிகாலையும் முழங்கையோட பின்பக்கத்தையும் கையால தேய்ச்சே கழுவுங்க. குழாயைத் திறந்து காலை நீட்டினா மட்டும் குதிகால் முழுசா நனையாது.

வீட்டுல தொழுறவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல இருந்து கிப்லா, அதாவது தொழும்போது பாக்குற கஃபா திசை, நேர் மேற்கு இல்ல. மேற்குல இருந்து வடக்கா சுமார் 24 டிகிரி. மேற்கு பாத்து நின்னு, அதை 12 மணின்னு வச்சா, வலப்பக்கம் 1 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. போன் காம்பஸை இரும்புக் கட்டில், பீரோ பக்கத்துல வச்சிப் பாக்காதீங்க, முள் இழுத்துரும்.

இனி முக்கியமான விஷயம். ருகூஉ (குனியுற நிலை), அதுல இருந்து நிமிர்ற நிலை, ஸுஜூது (நெத்தியைத் தரையில வைக்கிற நிலை), ரெண்டு ஸுஜூதுக்கு நடுவுல உட்கார்றது. இந்த நாலுலயும் உடம்பு அசைவு நின்னு, ஒரு ஸுப்ஹானல்லாஹ் சொல்ற நேரமாவது அடங்கணும். ஷாஃபியில இது ருக்னு (தொழுகையோட தூண்), விட்டா அந்த ரக்அத்தே (தொழுகையோட ஒரு சுற்று) சேராது. ஹனஃபியில வாஜிப் (கட்டாயம், ஆனா தூணுக்கு ஒரு படி கீழ). அவசரமா தொழுத ஒருத்தரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்க "திரும்பிப் போயித் தொழு, நீ தொழல"ன்னு 3 தடவை அனுப்பினது புகாரி, முஸ்லிம் ரெண்டு ஹதீஸ் நூல்லயும் இருக்கு.

நிறையப் பேரு கெடுக்குறது ருகூஉக்குப் பெறவு. முதுகு பாதி நிமிர்ந்ததுமே கீழ பாயுவாங்க. முதுகெலும்பு நேராகி, "ரப்பனா லகல் ஹம்து" முழுசா சொல்லி முடிச்சிட்டு இறங்குங்க, போதும்.

ஸுஜூதுல 7 உறுப்பு தரையில படணும். நெத்தி, ரெண்டு உள்ளங்கை, ரெண்டு முட்டு, ரெண்டு கால்லயும் விரல்கள். மூக்கையும் சேத்து வைங்க. தப்பு வர்றது கால்லதான். ஒரு பாதத்தை மறு பாதத்து மேல தூக்கிப் போடுவாங்க, இல்லேன்னா விரல் அந்தரத்துல நிக்கும். நெத்தியை ரொம்ப முன்னால கொண்டு வச்சா எடை கைக்குப் போயி விரல் தானா எழும்பிரும். கொஞ்சம் பின்னால வச்சி, விரலோட அடிப்பக்கம் தரையில பட, நுனி கிப்லா பாக்க மடக்குங்க.

நெத்தியில தொப்பியும் மக்கனாவும் (பொம்பளைங்க தலைத்துணி) இறங்கி வந்திரக் கூடாது. ஷாஃபியில நெத்தியோட கொஞ்சமாவது துணி மறைக்காம தரையில படணும். ஹனஃபியில துணி இருந்தா மக்ரூஹ் (விரும்பத்தகாதது), ஆனா தொழுகை சேரும். மெத்து மெத்துன்னு பஞ்சுப் பாய்ல தொழுதா, தலையைச் சும்மா தொட்டு வைக்காம, பஞ்சு அமுங்குற அளவுக்குப் பாரம் குடுக்கணும். ஆம்பளைங்க முழங்கையைத் தரையில பரத்தக் கூடாது. பொம்பளைங்க கையை விலாவோட சேத்து வைப்பாங்க.

கடைசியா, ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) பிந்தி வர்றவங்க. இமாம் ருகூஉல இருந்தா ஓடி வந்து குனிஞ்சிக்கிட்டே தக்பீர் (தொழுகை தொடங்குற "அல்லாஹு அக்பர்") சொல்லுதாங்க. அது ஆகாது மக்கா. நேரா நின்னு, நிய்யத்தோட (மனசுல தொழுகையை நினைச்சு) தக்பீர் முடிச்சிட்டுத்தான் குனியணும். அவர் நிமிர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ருகூஉல அடங்கி நின்னா அந்த ரக்அத் கிடைச்சிரும். அடங்கினேனா இல்லியான்னு சந்தேகமா? அந்த ரக்அத்தைக் கணக்குல சேக்காதீங்க. இமாம் ரெண்டு சலாமும் குடுத்த பெறவு எழும்பி ஒரு ரக்அத் தொழுதுருங்க.