சபையில் பேசக்கூடாத பெண்கள் மதுக்கடை வாசலுக்குப் போனது எப்படி?

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து. "சபையில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் மதுவுக்கு எதிராக எப்படித் தெருவில் இறங்கினார்கள்?"

பிரசங்கம் பண்ணத்தான் தடை இருந்தது. ஜெபம் பண்ணுவதை யார் தடுப்பது? அதையே கையில் எடுத்தார்கள். 1873 டிசம்பர், ஒஹாயோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சின்ன ஊர். டியோ லூயிஸ் என்பவர் வந்து மதுவை எதிர்த்துப் பேசிவிட்டுப் போகிறார். மறுநாள் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் பெண்கள் கூடுகிறார்கள். எலைசா தாம்சன் அம்மாள் 146ஆம் சங்கீதத்தை வாசிக்கிறார். பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்று வருமே, அதேதான். அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையாகக் கிளம்பி, மது விற்ற மருந்துக்கடைகள், சாராயக்கடைகள் என்று ஒவ்வொன்றாகப் போய், விற்காதீர்கள் என்று முழங்காலில் நின்று ஜெபித்தார்கள்.

வெறும் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். கணவன் கூலியைக் குடித்து அழித்தால் மனைவிக்குப் பெரிதாகப் போக்கிடம் கிடையாது. சொத்து, பிள்ளைகள் எல்லாவற்றிலும் சட்டம் பெரும்பாலும் அவன் பக்கம்தான்.

ஆனால், இவர்கள் ஜெபத்தால் மூடின கடைகளில் பல கொஞ்ச நாளில் திரும்பத் திறந்துவிட்டன. ஜெபம் மட்டும் போதாது, அமைப்பு வேண்டும் என்று 1874 நவம்பரில் கிளீவ்லாண்டில் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். வெள்ளை ரிப்பன்தான் அடையாளம். முதல் தலைவர் ஆனி விட்டன்மையருக்குப் பெண்களுக்கு ஓட்டுரிமை என்ற பேச்சு பிடிக்காது. 1879இல் தலைவரான பிரான்சிஸ் வில்லர்ட் வேறு ரகம். கடைக்கு உரிமம் கொடுப்பதை ஓட்டுதான் தீர்மானிக்கிறது, அப்படியானால் வீட்டைக் காக்கப் பெண்ணுக்கும் ஓட்டு கொடு என்றார். ஓட்டு என்றாலே முகம் சுளித்த பக்தியுள்ள பெண்கள்கூட இதற்குத் தலையாட்டினார்கள். சாமர்த்தியமான வாதம், இல்லையா?

வில்லர்டை ஒரேயடியாகப் புகழவும் என்னால் முடியாது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்றுகொண்டிருந்தபோது, அவர் கறுப்பின ஆண்களின் குடியைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். அதைக் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். சரியான கண்டனம்.

சங்கத்தின் தூதராக 1885இல் நியூசிலாந்துக்குப் போனவர் மேரி லீவிட். அங்கே கிளைகள் முளைத்தன. கேட் ஷெப்பர்ட் அந்தச் சங்கத்துக்காரர்தான். அவர் முன்னின்று கையெழுத்து திரட்டி நடத்திய போராட்டத்தால் 1893இல் அந்நாட்டுப் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. நாடு முழுவதற்குமான மதுவிலக்கு மட்டும் அங்கே கடைசிவரை வரவே இல்லை.