பழைய ஆர்6 எடுக்குறீங்களா? மீட்டர விடுங்க, வயசப் பாருங்க

வணக்கம் மக்களே. ஸ்டாண்ட்ல நிக்கிறது யமஹா ஆர்6 ஸ்போர்ட்ஸ் பைக், 2008 மாடல். 2006ல வந்த இந்த உடம்புதான் சின்னச் சின்ன மாத்தத்தோட 2016 வரைக்கும் ஓடுச்சு. இங்க இருக்குறது பெரும்பாலும் இறக்குமதியா வந்த வண்டிங்க. ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப் நம்ம இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தப்போ, சூப்பர்ஸ்போர்ட் 600 கிளாஸ்ல இது கத்திக்கிட்டுப் போனத நிறைய பேர் நேர்லயே பாத்திருப்பீங்க.

இப்போ செகண்ட்ஹேண்ட்ல இந்த வண்டி தேடுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு?" அந்தக் கேள்விய ரெண்டாவதா வச்சுக்கங்க. இஞ்சின் போர், அதாவது சிலிண்டர் அகலம், 67 மில்லி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், வெறும் 42.5 மில்லி. வேகமா சுத்துறதுக்குன்னே செஞ்ச இஞ்சின். வால்வ் கிளியரன்ஸ் பாக்குறதுக்கே கம்பெனி சொல்றது 40,000 கிலோமீட்டர ஒட்டி. ஆயில் ஒழுங்கா மாத்தியிருந்தா இஞ்சின் அவ்வளவு சுலபமா போகாது. போறது என்னன்னா ரப்பர், சீல், பிரேக் ஆயில், ஃபோர்க் ஆயில், பேரிங் கிரீஸ். இதெல்லாம் வண்டி ஓடாம நின்னாலும் கெட்டுப்போகும். அதனால 8,000 கிலோமீட்டர் ஓடி அஞ்சு வருஷம் ஷெட்ல கிடந்த வண்டிய விட, 30,000 ஓடி வருஷா வருஷம் வேலை பாத்த வண்டிதான் என் கண்ணுக்கு நல்ல வண்டி.

மீட்டரப் பத்தி இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆர்6ல ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸ்லதான் இருக்கு, சக்கரத்துல இல்ல. கம்பெனி ஸ்ப்ராக்கெட் முன்னாடி 16 பல், பின்னாடி 45. டிராக்குக்குன்னு முன்னாடி ஒண்ணு குறைச்சு பின்னாடி ரெண்டு ஏத்தி 15க்கு 47 போட்டா, ஸ்பீடோமீட்டர் சுமார் 11 சதவீதம் அதிகமா காட்டும். ஓடோமீட்டரும் அதே கணக்குலதான் ஏறும். அதனால வண்டி பாக்கப் போறப்போ பின்னாடி குனிஞ்சு ஸ்ப்ராக்கெட்ல அடிச்சிருக்குற பல் எண்ணிக்கையப் பாத்துட்டு, அப்புறம் மீட்டரப் படிங்க. ஆர்.பி.எம். மீட்டரும் அப்படித்தான். 2006 மாடலுக்கு ரெட்லைன், அதாவது இஞ்சின் சுத்தலாம்னு சொல்ற உச்ச அளவு, 17,500ன்னு விளம்பரம் வந்துச்சு. நிஜத்துல அது 16,200 பக்கம்தான்னு தெரிஞ்சதும், வேணாம்னா வண்டியத் திருப்பி வாங்கிக்கிறோம்னு யமஹாவே சொன்னாங்க.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல பிரேக். முன்னாடி 310 மில்லி டிஸ்க் ரெண்டு, ரேடியல் காலிப்பர். மேனுவல் படி பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ரப்பர் ஹோஸ் நாலு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். இந்த வயசு வண்டியில பழைய ஹோஸே இருந்தா யோசிக்காதீங்க, ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் போட்டுருங்க. டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்போ கொதிநிலை குறைஞ்சபட்சம் 230 டிகிரி. ஈரத்த இழுத்துட்டா 155 வரைக்கும் இறங்கலாம். நம்ம கடலோரக் காத்துல அது சீக்கிரமாவே நடக்கும். டிராக்ல நாலாவது அஞ்சாவது லேப்ல லீவர் ஹேண்டில் வரைக்கும் வருதுன்னா இதான் காரணம். டிராக் போறவங்க ரெண்டு வருஷம் காத்திருக்காதீங்க. சீசன் ஆரம்பத்துல ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ மாத்துங்க.

பிளீட் பண்ணியும், அதாவது பிரேக் லைன்ல இருக்குற காத்த வெளிய எடுத்தும், லீவர் பஞ்சு மாதிரியே இருந்தா, காத்து பெரும்பாலும் லீவர் பக்கத்துல இருக்குற மாஸ்டர் சிலிண்டர்ல ஹோஸ மாட்டுற பேஞ்சோ போல்ட்லதான் ஒளிஞ்சிருக்கும். வண்டிய சைடு ஸ்டாண்ட்ல போட்டு ஹேண்டில முழுசா இடது பக்கம் திருப்புங்க. இப்போ மாஸ்டர்தான் இருக்குறதுலயே உயரமான இடம். லீவர ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மெதுவா ரெண்டு மூணு தடவ லீவரத் தட்டினா குட்டிக் குட்டியா குமிழ் பிரேக் ஆயில் டப்பாவுக்குள்ள வரும்.

இத கிட்டத்துல காட்றேன், பாருங்க. பேட் கழட்டியாச்சு. இந்தப் பக்கம் பிஸ்டன் பளபளன்னு இருக்கு. இங்க பாருங்க, பாதி வரைக்கும் கறுப்பா பிரேக் தூசி ஒட்டியிருக்கு. பேட் தேய்மானமும் ஒரு பக்கம் அதிகமா இருக்கு. பிஸ்டன் ஒழுங்கா திரும்பிப் போகலன்னு அர்த்தம். இப்படியே உள்ள தள்ளினா அந்த அழுக்கு சீலக் கிழிச்சுரும். முதல்ல பிரேக் கிளீனரும் பல் தேய்க்கிற பழைய பிரஷும் வச்சு சுத்தி சுத்தித் தேய்க்கணும். அப்புறம் பிரேக்குக்குன்னு வர்ற ரப்பர் கிரீஸ் லேசா தடவி, உள்ள வெளிய ரெண்டு மூணு தடவ நகத்தணும். சாதா கிரீஸ் கூடவே கூடாது, சீல் ஊதிப்போயிரும். காலிப்பர் போல்ட் 35 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கு வேணாம், டார்க் ரெஞ்ச் போடுங்க.

அடுத்தது சஸ்பென்ஷன். பவர் ஏத்த எக்ஸாஸ்ட், ஈ.சி.யூ. மேப்னு காசு போடுறதுக்கு முன்னாடி போட வேண்டியது இங்கதான். இந்தக் கருத்த நான் மாத்திக்கப் போறதில்ல. ஃபோர்க் ஆயில் மாத்தாத வண்டியில கிளிக்கர, அதாவது சஸ்பென்ஷன் அமுங்கித் திரும்புற வேகத்த மாத்துற திருகாணிய, திருகுறது வீண். உள்ள இருக்குறது சாம்பல் கலர் தண்ணியா ஆயிருக்கும். ஆயில், சீல், டஸ்ட் சீல் மூணையும் சேத்தே மாத்திருங்க. சீல் கசிஞ்சா ஆயில் நேரா டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான் போகும், அது ஆபத்து. பின்னாடி ஷாக்கையும் ஸ்விங்ஆர்மையும் சேக்குற லிங்கேஜோட பேரிங்க மறந்துறாதீங்க. பிரஷர் வாஷர் அடிச்ச வண்டியில அது காஞ்சு துருப்பிடிச்சுக் கிடக்கும். பின்னாடி ஷாக் சரியில்லன்னு புலம்புறவங்க வண்டியில பாதிக்கு மேல லிங்கேஜ்தான் இறுகியிருக்கும்.

இதெல்லாம் முடிச்ச பிறகு சாக், அதாவது நீங்க உக்காந்தா சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுங்குற அளவ, அளக்கணும். ஃபோர்க்ல ஒரு ஜிப் டை கட்டிக்கங்க. முன் சக்கரம் தரையில படாம தூக்கி, வெளிய தெரியுற பளபளப்பான குழாயோட நீளத்த அளங்க. அதான் முதல் அளவு. அப்புறம் லெதர் சூட், ஹெல்மெட் எல்லாம் போட்டு வண்டியில உக்காந்து, டிராக்ல இருக்குற மாதிரி குனியுங்க. ஒருத்தர் முன்பக்கத்த அமுக்கி மெதுவா விடணும். அங்க ஒரு அளவு. அடுத்து லேசா தூக்கி மெதுவா விடணும். அங்க ஒரு அளவு. இந்த ரெண்டுக்கும் சராசரி எடுத்து முதல் அளவுல இருந்து கழிச்சா வர்றதுதான் சாக். டிராக்குக்கு முன்னாடி 30 முதல் 35 மில்லி, பின்னாடி 25 முதல் 30. பிரீலோட, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்குற அளவ, முழுசா ஏத்தியும் 40க்குக் கீழ வரலன்னா ஸ்பிரிங் உங்க எடைக்கு மெலிசு, ஸ்பிரிங்தான் மாத்தணும். கிளிக்கர எண்ணுறப்போ கடிகாரத் திசையில கடைசி வரைக்கும் மெதுவா மூடி, அங்கிருந்து வெளிய எண்ணுங்க. அழுத்தி மூடினா உள்ள ஊசி கெட்டுப்போகும்.

செயின். கம்பெனி செயின் 525 சைஸ். டிராக்குக்கு அதவிட மெல்லிசான 520 செயினும் அலுமினிய ஸ்ப்ராக்கெட்டும் போட்டா எடை குறையும். ஆனா அலுமினிய ஸ்ப்ராக்கெட் சீக்கிரம் தேயும், தினமும் ஓட்டுறவங்க ஸ்டீல்லயே இருங்க. தொய்வு மேனுவல் சொல்ற அளவுல இருக்கணும். அதுவும் செயின் எந்த இடத்துல அதிகமா இறுகுதோ அங்க வச்சு அளக்கணும். பயந்துக்கிட்டு டைட்டா வச்சா, சஸ்பென்ஷன் அமுங்குறப்போ முழு பாரமும் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங் மேலதான் விழும். முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் கசிவு தெரிஞ்சா முதல்ல செயின் டைட்டச் சந்தேகப்படுங்க.

இஞ்சின்ல நான் பயப்படுற ஒரே இடம் கேம் செயின் டென்ஷனர், அதாவது உள்ள வால்வ ஓட்டுற செயின இறுக்கிப் பிடிக்கிற பாகம். ஸ்டார்ட் பண்ணி இஞ்சினோட வலது பக்கம் காத வச்சுக் கேளுங்க. குளிர்ல கொஞ்ச நேரம் சத்தம் வந்து அடங்கினா சரி. சூடானப்புறமும் கடகடன்னு அடிச்சா தள்ளிப் போடாதீங்க. செயின் ஒரு பல் தாவினா வால்வும் பிஸ்டனும் மோதும், அதோட இஞ்சின் முடிஞ்சது. கம்பெனியோட புது டென்ஷனரே போடலாம். கையால திருகுற டென்ஷனர் போடுறவங்களும் இருக்காங்க. அத அளவுக்கு மேல இறுக்கினா கைடு தேஞ்சுபோகும். ஒழுங்கா செட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் இல்லன்னா அந்தப் பக்கம் போகாதீங்க.

ஆயில் ஃபில்டரோட சேத்து 2.6 லிட்டர், ஃபில்டர் மாத்தலன்னா 2.4. 10டபிள்யூ-40, டப்பா மேல ஜாசோ எம்.ஏ.ன்னு போட்டிருக்கணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். டிரெயின் போல்ட் 43 நியூட்டன் மீட்டர், காப்பர் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஃபில்டர் 17தான், கையால சுத்துற இறுக்கத்துக்கு மேல கொஞ்சம். அளவுக்கு மேல ஊத்தினா டிராக்ல ஆயில் ஏர்பாக்ஸுக்குள்ள ஏறிடும். ரேஸ் ஓட்டுறவங்க டிரெயின் போல்ட், ஃபில்டர், ஃபில்லர் மூடி மூணுக்கும் சேஃப்டி வயர் கட்டணும். ஸ்பார்க் பிளக் என்.ஜி.கே. சி.ஆர்.10.இ.கே.

கூலன்ட் டிராக்குக்கும் ரோட்டுக்கும் வேற வேற. கிளைக்கால் கலந்த கூலன்ட் தார்ல கொட்டினா பின்னாடி வர்றவங்க வழுக்கி விழுவாங்க. அதான் ரேஸ்ல அதுக்குத் தடை. டிஸ்டில்டு வாட்டர்ல துருவத் தடுக்குற அடிட்டிவ் கலந்து ஊத்துங்க. வெறும் தண்ணி மட்டும் ஊத்தி மாசக்கணக்குல விட்டா உள்ள அலுமினியம் அரிக்கும். நம்ம டிராஃபிக்ல 105 டிகிரிய ஒட்டித்தான் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அதப் பாத்துப் பதற வேணாம். ஃபேன் ஓடியும் ஏறிக்கிட்டே போனா ரேடியேட்டர்ல மண்ணும் பூச்சியும் அடைச்சிருக்கான்னு பாருங்க.

டேஷ்ல 17 அல்லது 18ன்னு எரர் நம்பர் வந்தா அது எக்சப் வால்வ், எக்ஸாஸ்ட்டுக்குள்ள இருக்குற மூடி. பெரும்பாலும் மோட்டார் நல்லாத்தான் இருக்கும். கேபிளும் புல்லியும் துருப்பிடிச்சு சிக்கியிருக்கும். கேபிளக் கழட்டி புல்லியக் கையால சுத்திப் பாருங்க. சுத்தலன்னா ஊடுருவுற ஆயில் அடிச்சு விட்டு, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுத் தளத்தணும்.

டயர். பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அஞ்சாறு வருஷம் ஆன டயரோட டிராக்குக்கு வராதீங்க. ரோட்டுக்கு கம்பெனி சொல்ற காத்து முன்னாடி 36 பி.எஸ்.ஐ., பின்னாடி 42. அதே காத்தோட டிராக்ல இறங்கினா பின் டயர் பந்து மாதிரி உப்பி வழுக்கும். ரோடு ஸ்போர்ட் டயர்னா, டயர் சூடாகாம இருக்கறப்போ முன்னாடி 30, பின்னாடி 28 முதல் 30ல ஆரம்பிங்க. வண்டி உள்ள வந்த உடனே, டயர் ஆறுறதுக்குள்ள திரும்ப அளங்க. மத்தியான வெயில்ல தார் கொதிக்கும். காலை செஷன்ல வச்ச காத்து மத்தியானத்துக்குச் சரிவராது. ரேஸ் டயர்னா அந்தந்தக் கம்பெனி சொல்ற சூடான அளவுதான் கணக்கு.

இப்போ ஓட்டுறது. இந்த வண்டியோட டார்க் 65.8 நியூட்டன் மீட்டர், அதுவும் 11,000 ஆர்.பி.எம்.ல. 7,000ல திருகிட்டு "இழுக்கல"ன்னா தப்பு வண்டி மேல இல்ல, கியர்லதான். வளைவ விட்டு வெளிய வர்றப்போ ஊசி 10,000க்கு மேல இருக்கணும். முதல் கியரே ரொம்ப நீளம், நூறு கிலோமீட்டரத் தாண்டும். அதனாலதான் 15க்கு 47. மெதுவான வளைவுல ரெண்டாவது கியர் உருப்படியா வேலை செய்யும்.

கியர் குறைக்குறப்போ பின் சக்கரம் பூட்டாம பாத்துக்குற ஸ்லிப்பர் கிளட்ச் இருக்குன்னு பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கியர் குறைக்காதீங்க. முதல்ல பிரேக், வேகம் இறங்க இறங்க ஒவ்வொண்ணா குறைங்க. உடம்ப முட்டியால டேங்க்ல பிடிங்க. கையால தாங்கினா முன் சக்கரம் சொல்றது உங்களுக்குக் கேக்காது. இருங்காட்டுக்கோட்டையில மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு வர்ற முதல் வளைவு சி1, வேகமான வலது வளைவு. அங்க ஹேண்டில இறுக்கிப் பிடிச்சா வண்டி ஆட ஆரம்பிக்கும். பயத்துல இன்னும் இறுக்குவீங்க, ஆட்டம் இன்னும் கூடும். ஒவ்வொரு செஷனிலும் முதல் ரெண்டு லேப் டயர் சூடேத்த மட்டும்தான்.

கடைசியா பெட்ரோல். 13.1 கம்ப்ரஷன், நல்ல ஆக்டேன் போடுங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அது ஈரத்த இழுக்கும். ரெண்டு மூணு மாசம் நிறுத்தப் போறீங்கன்னா டேங்க முழுசா நிரப்பி வைங்க, இல்ல முழுசா வடிச்சிருங்க. பாதி டேங்க்ல விட்டா உள்ள துருவும், அடைச்ச பம்ப்பும்தான் கிடைக்கும். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. கேக்குறப்போ மாடல் வருஷம், ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை, உங்க எடை மூணையும் சேத்து எழுதுங்க.