லைக்காவுக்கு முன்னால் ஒரு தூரிகை

வணக்கம் நேயர்களே.

புகைப்படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் பெயர் எப்படியும் வந்துவிடும். ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரர் இளம் வயதில் ஆக விரும்பியது ஓவியர். இன்று நான் பேசப்போவது அந்த இளைஞரைப் பற்றித்தான்.

1908இல் பிறந்தவர். நூல் உற்பத்தி செய்த வசதியான குடும்பம். அப்பாவின் சகோதரர் லூயி ஓவியர். முதல் உலகப் போரில் இறந்துபோனார். பையனுக்கு வண்ணங்களின் மேல் ஆசை அவரால் வந்தது. 1927இல் பாரிசில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். லோத் க்யூபிச பாணிக்காரர், அதாவது உருவங்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரைகிற பாணி. அதே சமயம் பழைய மேதைகளின் கட்டுக்கோப்பையும் விடாதவர். ஓர் ஓவியத்தில் கோடுகள் எங்கே ஓடுகின்றன, கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற ஆள். அந்தக் கறார் இளைஞருக்கு ஒத்துவரவில்லை, விலகிவிட்டார். கண்ணில் ஏறிய கணக்கு மட்டும் இறங்கவே இல்லை.

அப்புறம் ஆப்பிரிக்கா. ஐவரி கோஸ்ட்டில் வேட்டையாடிப் பிழைத்தார். கடுங்காய்ச்சல் கண்டு, உயிரோடு ஊர் திரும்பியதே பெரிய விஷயம். அந்தச் சமயத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தார். ஹங்கேரிக்காரர் மார்ட்டின் முன்காச்சி எடுத்தது. தாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் ஓடுகிற மூன்று சிறுவர்கள். கறுத்த உடல்கள், வெள்ளை நுரை. இதைத் தூரிகையால் பிடிக்க முடியாது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். 1932இல் மார்செய் நகரில் ஒரு லைக்கா வாங்கினார். கைக்கு அடக்கமான கேமரா. அதில் பளபளத்த இடங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அதே ஆண்டு ஈயேர் என்ற ஊரில் எடுத்த படத்தைப் பாருங்கள். வானொலியில் எப்படிப் பார்ப்பது என்கிறீர்களா? சரி, நான் சொல்கிறேன், நீங்கள் மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். உயரத்திலிருந்து எடுத்தது. முன்னால் கல் படிக்கட்டு வளைந்து இறங்குகிறது, இரும்புக் கைப்பிடியும் அதோடு சுருண்டு போகிறது. கீழே தெருவில் ஒருவர் சைக்கிளில் பறக்கிறார். வேகத்தில் அவர் உருவமே கலங்கலாக இருக்கிறது. இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் அந்த அமைப்பு கலைந்திருக்கும். பலரும் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிக்கட்டின் வளைவை முதலில் ஓவியரின் கண் பார்த்துவிட்டது, பிறகு யாராவது வரட்டும் என்று அவர் நின்றிருக்கிறார் என்றே நினைக்கிறேன். லோத்திடம் படித்த பாடம் இங்கேதான் வேலை செய்கிறது.

எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் பாரிசில் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படம் இருக்கிறதே, அவருடைய படங்களில் மிகப் பிரபலமானது, அது வெட்டிய படம்! வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது.

நம் பக்கமும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில், ரமணர் நோயுற்றிருந்த கடைசி நாட்களில் அவரைப் படம் எடுத்தார். 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தபோது வானில் ஓர் எரிநட்சத்திரம் போனதைப் பார்த்தவர்களில் இவரும் ஒருவர்.

1970களில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தார். 1975இல் நியூயார்க்கில் அவர் வரைந்தவற்றுக்குக் கண்காட்சியும் நடந்தது. புகைப்படங்களின் உயரத்தை அந்தக் கோட்டோவியங்கள் தொடவில்லை என்பது என் கட்சி. அதற்காக அவர் நிறுத்திவிடவில்லை. 2004இல் 95ஆம் வயதில் மறைந்தார், முதுமையெல்லாம் வரைந்துகொண்டுதான் இருந்தார். இளமையில் தீட்டியவற்றில் பெரும்பாலானவற்றை அவரே அழித்துவிட்டார். அந்த இளம் ஓவியர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், 1932, 33இல் எடுத்த புகைப்படங்களைத்தான் புரட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.